ஒழுகுகிற ஃபோர்க்

"இன்னிக்காவது இது வண்டிக்குப் போய்ச் சேருமா, இல்ல என் வீட்டுலயே குடித்தனமா?" என்று கேட்டாள் மனைவி.

கூடத்தில் விரித்திருந்த பழைய போர்வை மேல் மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்கள் ரெண்டும் சவடாலாகப் படுத்திருந்தன. ஸ்பிரிங்குகள் நாற்காலியில். நட்டுகள் அவளுடைய பால் கிண்ணத்தில். வாசலில் அந்தச் சின்ன வண்டி, முன்சக்கரம் இல்லாமல், மரப்பெட்டி மேல் கழுத்தை வைத்துக்கொண்டு பரிதாபமாக நின்றது.

"அவசரப்பட்டா ஆயில் ஒழுகும்டி" என்றார் கணவர்.

"அவசரப்படாமலேதான் மூணு தடவை ஒழுகிடுச்சே!"

அவர் கிண்ணத்திலிருந்து ஒரு நட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். தபால் ஆபீசில் காலமெல்லாம் கடிதம் பிரித்த மனிதர். ரிடையர் ஆனதும் கை சும்மா இருக்கவில்லை. வண்டியைப் பிரித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், இதே கூத்துதான். துரு தேய்ப்பார், எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலைப் புதுசாகப் போடுவார், எண்ணெய் ஊற்றுவார், மாட்டுவார். ஹேண்டிலைப் பிடித்து நாலு அமுக்கு அமுக்கினால், குழாயில் எண்ணெய் வழியும். அடுத்த ஞாயிறு, மறுபடியும் முதலிலிருந்து.

இதில் அவள் தம்பி வேறு கூட்டு. ஆலையில் ஃபிட்டர். மனைவி தவறிப்போன பிறகு அக்கா வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தவன். வேலைக்குப் போவான், வருவான், கதவைச் சாத்திக்கொள்வான். சாப்பாட்டுத் தட்டு கூட அறை வாசற்படியோடு சரி. ஆனால் கீழே சுத்தியல் சத்தம் கேட்டால் மட்டும் இறங்கி வந்துவிடுவான்.

"மாமா, இரும்பை அடிக்கிறீங்களா, என் மண்டையை அடிக்கிறீங்களா? நகருங்க."

"நீயே பாரு மாப்ளே, எனக்குப் பிடிபடமாட்டேங்குது."

அப்புறம் ரெண்டு பேருக்கும் நேரம் போவதே தெரியாது. எண்ணெய்க் கையோடு ஒரே தட்டில் சாப்பாடு, நடுநடுவே சண்டை. தரையெல்லாம் கறை. துடைப்பது மட்டும் அவள்.

இந்த முறை அவள் பொறுக்கவில்லை. தெருமுனை மெக்கானிக்கைக் கையோடு கூட்டி வந்துவிட்டாள்.

"அரை மணி நேர வேலை அக்கா இது. இப்பவே முடிச்சுத் தர்றேன்" என்று உட்காரப்போனான் அவன்.

"யாருப்பா உன்னைக் கூப்பிட்டது? இது என் வண்டி. நான் பார்த்துக்கறேன், நீ கிளம்பு" என்று எழுந்தே விட்டார் கணவர்.

மெக்கானிக் திருதிருவென்று விழித்துவிட்டு நடையைக் கட்டினான். அவளுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

"தனக்கும் செய்யத் தெரியல, தெரிஞ்சவனையும் விடல. இந்த வயசுல இவ்வளவு வீம்பு ஆகாதுங்க!"

சமையலறைக்குப் போனாள். மனசு ஆறவில்லை. இன்னும் ரெண்டு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று திரும்பி வந்தவள், கதவருகே அப்படியே நின்றுவிட்டாள்.

கணவர் புது சீலைப் பொட்டலத்திலிருந்து எடுத்தார். மாடிப்படியை ஒரு பார்வை பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஊக்கு ஒன்றை எடுத்து, சீலின் உள்விளிம்பில் நறுக்கென்று ஒரு கீறு கீறினார்.

"ஐயையோ, என்னங்க பண்றீங்க?"

"ஷ்ஷ்! கத்தாதே." அவர் முகம் திருடன் மாதிரி ஆகிவிட்டது. "முதல் ஞாயித்துக்கிழமையே சரியாப் போயிருக்கும்டி, வண்டி. அன்னிக்கு உன் தம்பி என்னைத் திட்டினான் பாரு, 'இப்படியா மாமா சீல் போடுவாங்க'ன்னு... அவன் பெண்டாட்டி போனதுக்கப்புறம் அவன் வாயிலேர்ந்து வந்த முதல் முழுப் பேச்சு அது. சாப்பிடறப்ப சிரிக்கக்கூடச் செஞ்சான். வேலை முடிஞ்சிட்டா மறுபடி மேலே போய்க் கதவைச் சாத்திப்பானே, அதான்..."

 முந்தாநாள் தம்பி, "அக்கா, கொஞ்சம் உப்பு" என்று தானாகக் கேட்டது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி சரி, ஊக்கை உள்ளே வைங்க. நான் போய் அவனை அனுப்பறேன்."

காபியோடு மாடி ஏறினாள். கதவு திறந்தே இருந்தது. தம்பி எண்ணெய்க் கறை படிந்த சட்டையைப் போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தான்.

"என்னக்கா, கீழே இன்னும் சத்தத்தையே காணோம்?"

"ஆரம்பிச்சிடுவார்." அவன் முகத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது. சும்மா சீண்டினாள். "ஏன்டா, ஒரே ஃபோர்க்கைத் திரும்பத் திரும்பக் கழட்டி மாட்டறீங்களே, உனக்கு அலுக்கவே இல்லையா?"

அவன் படிப்பக்கம் எட்டிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"மாமா காதுல விழுந்துடப்போகுது, மெதுவாப் பேசு. அவர் வேணும்னே சீலைக் கீறி வெக்கிறாருக்கா. ஃபிட்டர் கண்ணுக்கு அது தப்புமா? நான்தான் பார்த்தும் பார்க்காத மாதிரி எடுத்து மாட்டறேன்."

"ஏன்டா?"

"பாவம்க்கா, ரிடையர் ஆனதிலேர்ந்து மனுஷனுக்குப் பேச்சுத் துணைக்கு ஆள் இல்ல. எனக்கு மேலே தனியாப் படுத்துக் கிடக்கறதுதான் பிடிச்சிருக்கு. ஆனா நானும் இறங்கி வரலேன்னா, அவர் யார்கிட்டதான் பேசுவாரு?"