இடது கை விசாரணை

தண்ணீர் டம்ளர் தரையில் உருண்டது. தட்டிவிட்டது கட்டிலில் கிடந்த அவள்தான்.

மகன் குனிந்து எடுத்தான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவனுக்கு வேறு வேலை இருந்தது. வீட்டோடு இருந்து அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி புது நர்ஸை அனுப்பியிருந்தது. அவளுடைய சான்றிதழ்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

மேஜை முழுக்க மருந்து. அதனால் காகிதங்களை அம்மாவின் கட்டிலிலேயே பரப்பியிருந்தான். இந்தப் பக்கம் புதியவளின் கோப்பு. அந்தப் பக்கம், கல்யாணம் என்று சொல்லிப் போன வாரம் வேலையிலிருந்து நின்றுவிட்ட பழைய நர்ஸின் கோப்பு. அதில் எல்லாம் கச்சிதமாக இருந்ததாம். அதையே அளவாக வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டான். டிப்ளமோ இருக்கிறதா, கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா, முத்திரை இருக்கிறதா.

இருந்தன.

பெயரைத்தான் இரண்டு முறை வாசித்தான். முப்பிடாதி.

தென்காசிப் பக்கம் சார், சாமி பெயர், என்றாள் கட்டிலோரம் நின்றவள். சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தாள். காக்கி உடுப்பில், சட்டைக் கையில் ஏட்டுப் பட்டையோடு ஒரு பெண்ணின் படம் மாட்டியிருந்தது. அப்புறம் கட்டிலைப் பார்த்தாள். அதே முகம், பாதி கோணியிருந்தது.

கட்டிலில் கிடப்பவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மகளிர் காவல் நிலைய ஏட்டம்மா. அவள் டீக்கடைப் பக்கம் வந்தால், முந்தின நாள் பெண்டாட்டியை அடித்தவன் தெருவைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவான். எத்தனையோ பெண்களின் புகாரை எழுதி வாங்கியவள். பக்கவாதம் வந்து வலது பக்கத்தையும் பேச்சையும் சேர்த்து வாரிக்கொண்டு போன பிறகு, தன்னுடைய ஒரே ஒரு புகாரைச் சொல்ல அவளுக்கு வழி இல்லை.

வாயில்லாப் பூச்சி என்று நினைத்துவிட்டார்கள்.

இடது கை இருந்தது.

பழைய நர்ஸ் அவளைப் பாப்பா என்று கூப்பிட்டாள். பாப்பா வாயைத் திற. பாப்பா சமத்தாத் திரும்பிப் படு. மகன் வீட்டில் இருக்கும்வரை அந்தக் குரலில் சர்க்கரை வழியும். அவன் ஆபீஸுக்குக் கிளம்பியதும் கிள்ளுவாள். சாப்பிட மறுத்தால் ஒன்று. படுக்கையை நனைத்தால் ஒன்று. வலது கையில், நைட்டியின் கைத்துணி மறைக்கிற உள்பக்கத்தில். அசைவு போன கையில் வலி மட்டும் போகவில்லை.

ஏட்டம்மா சும்மா இருந்துவிடவில்லை. மகன் வந்ததும் இடது கையால் அந்தத் துணியைப் பிடித்து இழுப்பாள். அம்மாவுக்கு வேர்க்கிறது என்று அவன் ஃபேனைக் கூட்டுவான்.

ஒருநாள் அவன் பார்த்தேவிட்டான். ரத்தத்தை இளக்குகிற மாத்திரை சாப்பிட்டால் இப்படித்தான் கன்றிப்போகும் என்றாள் பழையவள். சான்றிதழ் வைத்திருப்பவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவனும் விட்டுவிட்டான்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று ஏட்டம்மாவுக்கா தெரியாது.

இவளும் அதே ஏஜென்சி. அதே வெளிர்நீல உடுப்பு. அதே மாதிரிக் காகிதங்கள்.

அவன் காகிதத்தைப் பார்க்கட்டும். ஆளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தலையணையைச் சரிசெய்ய முப்பிடாதி குனிந்தாள். அவளுடைய மேல்கை ஏட்டம்மாவுக்கு எட்டும் தூரத்துக்கு வந்தது.

ஏட்டம்மா கிள்ளினாள்.

செல்லமாக இல்லை. மேல்கையின் உள்பக்கச் சதையைப் பிடித்து, திருகி, நகம் இறங்கக் கிள்ளினாள். அடுத்த அறையில் இருந்தாலும் கேட்கும்படி இவள் கத்தப்போகிறாள், அல்லது பாப்பா என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கப்போகிறாள் என்று காத்திருந்தாள்.

முப்பிடாதி மூச்சை உள்ளே இழுத்தாள். கையை இழுக்கவில்லை.

மகன் பதறிவிட்டான். அம்மாவின் விரல்களைப் பிரிக்க வந்தான். வந்தவளிடம் மன்னிப்புக் கேட்டான். படுத்ததிலிருந்து இப்படித்தான், சின்னக் குழந்தை மாதிரி ஆகிவிட்டாள் என்றான்.

“இருங்க சார். அவங்க என்னைய விசாரிக்காங்க. முடிக்கட்டும்.”

விரல்கள் நின்றன.

அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது. விசாரிக்கிறவர் அழக்கூடாது. கண் அதைக் கேட்கவில்லை.

பிடியை விட்டாள். அதே கையால் தன் வலது கைத்துணியைப் பிடித்து இழுத்தாள்.

மகன் ஃபேனைக் கூட்டப் போனான்.

முப்பிடாதி துணியை மேலே ஏற்றிவிட்டுப் பார்த்தாள். கன்றிப்போன நீலத்துக்கு நடுவே, பிறை பிறையாகக் காய்ந்த தழும்புகள். பிறகு தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். அங்கேயும் இரண்டு பிறை, இப்போதுதான் சிவந்து. அதே இடம்.

அது மாத்திரையால் வந்தது என்றான் மகன், சுவிட்சின் பக்கத்தில் நின்றபடி.

“மாத்திரைக்கு ஏது சார் நகம்?”

தலைக்கு மேலே ஃபேன் வேகமெடுத்தது. கட்டிலில் காகிதங்கள் படபடத்தன.

முப்பிடாதி தரையில் முழங்கால் ஊன்றினாள். இப்போது இருவர் கண்ணும் ஒரே உயரத்தில் இருந்தன.

“யாருன்னு காட்டுங்க, ஏட்டம்மா.”

இடது கை போர்வைமேல் ஊர்ந்தது. புதியவளின் கோப்பைத் தாண்டியது. அந்தப் பக்கக் கோப்பில், எல்லாம் கச்சிதமாக இருந்த அந்த முதல் காகிதத்தின் மூலையில், ஒரு சின்னப் புகைப்படம் சிரித்துக்கொண்டிருந்தது.

காகிதம் பறக்கப் பார்த்தது. அவள் விடவில்லை. அந்த முகத்தின் மேல் விரலை வைத்து, நகம் இறங்க அழுத்தினாள்.

மகன் ஃபேனை நிறுத்தினான்.