காலி இடத்துக்கு வழி

இத்தனை வண்டிகளையும் ஓட்டுவது என் கைகளா?

பட்டறை வாசலில் தமயந்தி மலைத்து நின்றாள். காரின் முன்சக்கரங்களை இயக்கும் பவர் ஸ்டீயரிங் ரேக்கை மாட்டியதும் முதலில் திருப்பும் கையின் பழக்கம் அதில் ஒட்டிக்கொள்ளும். பட்டறைக்கு எதிரே தெருத் திருப்பத்தில் படுத்துக் கிடந்த கிழநாய்க்காக அவள் எப்போதும் ஒதுங்கித்தான் ஓட்டுவாள். நாய் செத்து மாதங்களாகியும், அவள் ரேக் மாட்டிய கார்களெல்லாம் அந்தக் காலி இடத்தைச் சுற்றி மெல்ல வளைந்து போயின.

"ஏனுங்கக்கா, செத்த நாய்க்கு ஊரே வழி விடுது! கம்ப்ளெயின்ட் மேல கம்ப்ளெயின்ட். இனி கிளவுஸ் போட்டுத் திருப்புங்க, இல்லீன்னா வேலைக்கு வராதீங்க" என்று சூப்பர்வைசர் கதிர்வேல் கிளவுஸை நீட்டினான்.

"சரிங்க தம்பி" என்று வாங்கி பெஞ்சின் மேல் வைத்தாள். புது ரேக் மாட்டிய காருக்குள் ஏறி, வெறுங்கையால் ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நிதானமாகத் திருப்பினாள்.