சர்வரில் சிக்கியவர்

சர்வர் பெட்டிக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றித் திருஷ்டி கழித்த பிறகுதான் அதைத் தொடவே விட்டார் தாளாளர் திருப்பதி.

ஆலங்குடிக்குப் பக்கத்தில் எண்ணூறு பிள்ளைகள் படிக்கும் மெட்ரிக் பள்ளி அவருடையது. ‘முழு டிஜிட்டல் பள்ளி’ என்று வாசலில் பேனர் கட்டியாயிற்று. அதில் திருப்பதியின் படம் ஆளுயரத்துக்கு இருந்தது. சர்வரின் படம் இல்லை. அது எப்படி இருக்கும் என்று பேனர் அடித்த அன்று அவருக்கே தெரியாது.

பொருத்த வந்தவள் ஷர்லி. புதுக்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வீடு ஆலங்குடியிலேயே என்பதால் அவளை அனுப்பியிருந்தார்கள். சாக்பீஸ் டப்பாக்களும் உடைந்த பெஞ்சுகளும் கிடந்த அறையைச் சர்வருக்கு ஒதுக்கியிருந்தார் திருப்பதி.

“இதுக்கு ஏசி வேணும் சார். சூடானா நின்னுரும்.”

“ஏசி என் ரூம்ல இருக்கே. கதவைத் தொறந்து வச்சா அங்கிட்டும் வரும்” என்றார். பிறகு, “இந்தப் பெட்டி என்னம்மா செய்யும்?” என்று கேட்டார்.

“அட்டெண்டன்ஸ், சர்க்குலர், வேன் எந்த ஸ்டாப்புல நிக்குதுங்கிறது எல்லாம் பெற்றோருக்குத் தானா மெசேஜ் போயிரும் சார். டீச்சருங்களுக்குத் தனித்தனியா மெயில் இருக்கும்.”

“அதெல்லாம் கெடக்கட்டும்.” கதவைச் சாத்தினார். “உள்ளேயிருந்து யாரு, யாருக்கு, என்ன அனுப்புறான்னு எனக்குத் தெரியணும். அதுக்குத்தான் இதை வாங்குனதே.”

விஷயம் இதுதான். பள்ளியின் நான்கு வேன்களுக்கும் தகுதிச் சான்று எப்போதோ காலாவதியாகியிருந்தது. ஒரு வேனின் தரையில் பிள்ளையின் கால் நுழையும் அளவுக்கு ஓட்டை. இரண்டு மாதத்தில் பெயரில்லாத ஆறு புகார்கள் அரசு அலுவலகத்துக்கு மெயிலில் போயிருந்தன. ஒவ்வொரு முறையும் அங்கே திருப்பதிக்கு வேண்டிய ஒருவர் போன் செய்வார். இவர் போய்க் ‘கவனித்து’விட்டு வருவார். புகார் தூங்கிவிடும். ஆனால் ஏழாவது ஒன்று வந்தால் தன்னால் மூடி மறைக்க முடியாது என்று அந்த மனிதர் கையை விரித்திருந்தார்.

“வண்டி நம்பரு, எஃப்.சி. முடிஞ்ச தேதி எல்லாத்தையும் புட்டுப் புட்டு வச்சிருக்கான். இது உள்ளாளு வேலைதான். அந்த பிசிக்ஸ் ஜெரால்டு மேலதான் எனக்குச் சந்தேகம்” என்றார் திருப்பதி. வண்டி எண்ணைத் தட்டினால் யாருடைய செல்போனிலும் அந்தத் தேதி தெரியும் என்பது, முழு டிஜிட்டல் பள்ளியின் தாளாளருக்குத் தெரியாது.

“பார்த்துரலாம் சார். எல்லாக் கம்ப்யூட்டரையும் இந்தச் சர்வர் வழியா இணைச்சிர்றேன். எதுலேர்ந்து எப்ப மெயில் போனாலும் பதிவாகிரும். ஒரு வாரம் குடுங்க.” திரையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள் ஷர்லி.

பாஸ்வேர்டாகத் தன் பெயரையே வைக்கச் சொன்ன திருப்பதி, மறந்துவிடக் கூடாதென்று அதைச் சீட்டில் எழுதி மானிட்டரிலேயே ஒட்டிக்கொண்டார்.

ஆபீஸ், லேப், ஸ்டாஃப் ரூம், வேன் ஷெட் என்று ஒவ்வோர் இடமாகக் கேபிள் இழுத்தாள் ஷர்லி. அவள் எதற்காக வந்திருக்கிறாள் என்பது இரண்டே நாளில் ஆசிரியர்களுக்குத் தெரிந்துவிட்டது. தமிழாசிரியை செவந்தி அவளைக் கண்டதும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனார்.

ஜெரால்டு நேராகவே கேட்டார். “பிள்ளைங்க உயிருக்காக யாரோ எழுதுறாங்க மேடம். அவங்களைக் காட்டிக் குடுக்குறதும் ஒரு பொழப்பா?”

“குடுத்த வேலையைச் செய்யுறேன் சார்” என்றாள் அவள்.

புதன்கிழமை ஏழாவது புகார் போய்ச் சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை காலை எல்லா ஆசிரியர்களையும் தன் அறைக்கு வரவழைத்தார் திருப்பதி. ஜெரால்டின் ராஜினாமாக் கடிதம் ஏற்கனவே டைப் செய்யப்பட்டு, கையெழுத்துக்காகக் காத்திருந்தது. பக்கத்தில் திருப்பதியின் மச்சினன் கருப்பன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். வேன்களெல்லாம் அவன் பொறுப்பு.

ஷர்லி ஒரே ஒரு தாளை நீட்டினாள். புதன்கிழமை, பகல் பன்னிரண்டு பத்து. அதற்குக் கீழே கம்ப்யூட்டரின் எண்.

“இது எங்க இருக்குறது? லேப்லயா?”

“வேன் ஷெட்ல சார்.”

அறையே கருப்பனைப் பார்த்தது.

“மச்சான், சத்தியமா நான் இல்ல. எனக்கு மெயிலுன்னா என்னன்னே தெரியாது.”

“நாள் முழுக்க அந்தக் கம்ப்யூட்டர்ல சீட்டு விளையாடத் தெரியும். மெயில் மட்டும் தெரியாதா? ஸ்கூல்ல பங்கு கேட்ட, நான் தரல. அதுக்கு இப்படிப் பழி வாங்குறியா?”

அத்தனை ஆசிரியர்கள் முன்னிலையில் கருப்பனின் கன்னத்தில் அறை விழுந்தது. அவன் பைக்கை எடுத்துக்கொண்டு நேராகப் புதுக்கோட்டைக்குப் போனான். எந்த வேனில் என்ன பழுது, யாருக்கு எதை எங்கே கொண்டுபோய்க் கொடுத்தது என்று போலீசில் ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுத்தான். அவ்வளவு தெளிவான அறிக்கையை அந்தப் பள்ளியிலிருந்து யாரும் அதுவரை தயாரித்ததில்லை.

சனிக்கிழமை நான்கு வேன்களும் பறிமுதலாயின. திருப்பதியையும் அவருக்கு வேண்டிய அந்த மனிதரையும் ஒரே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

திங்கட்கிழமை மிச்ச வேலையை முடிக்க வந்த ஷர்லியிடம் ஜெரால்டு தயங்கித் தயங்கி வந்தார்.

“தப்பா நெனச்சுட்டேன் மேடம். நீங்க உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கீங்க.”

“சர்வர் பொய் சொல்லாது சார்.”

அது உண்மைதான், புதன்கிழமை பகல் கருப்பன் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் வேன் ஷெட்டுக்குக் கேபிள் மாட்டப் போன ஷர்லி, அக்கா மகள் பிளெஸ்ஸி தினமும் ஏறுகிற ஓட்டை வேனின் நம்பரைப் போட்டு, முந்தைய ஆறு புகார்களையும் எழுதியதைப் போலவே ஏழாவதையும் தானே எழுதி அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பியிருந்தாள்.