சொர்ணத்தின் எண்ணெய்

தணிகாசலம் வீட்டு அடுப்பு ஒரு மாதமாக எரியவில்லை என்ற சேதியை மூன்றாம் மாடி முழுக்கப் பரப்பிய பெருமை எதிர்வீட்டுப் பங்கஜவல்லியையே சேரும். மனைவி சொர்ணம் இறந்துபோனபின் மனுஷன் மூன்று வேளையும் மெஸ்ஸில்தான் சாப்பிடுகிறார். எல்லார் வீட்டையும்போல அங்கேயும் செம்புப் பானை இருந்தது. காய்த்தோல், கீரைத்தண்டு, பழைய பருத்தித்துணி என எதைப் போட்டாலும் அடுப்பெண்ணெயாக்கித் தரும். பாட்டில் நிறைய எண்ணெய் இருந்தும் அடுப்பு மூட்டாதவர் கஞ்சன்தான் என்று அவள் முடிவுகட்டியிருந்தாள்.

அன்று மாப்பிள்ளை வரும் நேரம் பார்த்து அவள் வீட்டில் எண்ணெய் தீர்ந்தது. நேரே போய்க் கேட்டாள்.

"சும்மாதானே கெடக்கு, குடுங்கண்ணே. வச்சு பூஜையா பண்ணப் போறீங்க?"

அவர் பாட்டிலை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"காரியம் முடிஞ்சதும் எல்லாரும் செய்யறதுதானேன்னு அவ காட்டன் சேலை அத்தனையும் பானையில போட்டுட்டேம்மா. ஒண்ணு மிச்சம் வைக்கத் தோணல. இதைத் தெறந்து மோந்துகூடப் பார்த்தேன். அவ வாசனை இல்ல."

பிறகு பாட்டிலை நீட்டினார்.

"கொண்டு போம்மா. பத்த வைக்கும்போது மட்டும் என்னைக் கூப்பிடு."

பங்கஜவல்லி கை நீட்டவில்லை. மாப்பிள்ளைக்கு அன்று வாழைப்பழமும் மோரும்தான்.