பெங்களூர் ப்ளூ

"ஏங்க்கா, மறுபடியும் இந்தத் திராட்சையா?" மத்தூரில் அம்மா வீட்டிலிருந்து அன்றுதான் திரும்பிய பக்கத்து வீட்டு மேகலா மூக்கைப் பொத்திக்கொண்டாள். "பெங்களூர் ப்ளூவை இப்பல்லாம் யாருக்கா வாங்கறாங்க?"

ஜெபசீலி கிறிஸ்துமஸ் ஒயினுக்காக எட்டுக் கிலோ பிசைந்து ஜாடியில் போட்டுப் பத்து நாளாகியிருந்தது. கிளறும்போதெல்லாம் நெடி தெருமுனை வரை போனது.

"போன வருசம் நாத்தம் தாங்காம அண்ணன் ஜாடியோட சாக்கடையில கொட்டினாரே, மறந்துபோச்சா?"

"மறக்கல."

"அவரு வர்ற நேரம். மாடியில தூக்கி வையுங்கக்கா."

ஜெபசீலி ஜாடியை வாசற்படி ஓரம் நகர்த்தி, வாயில் கட்டியிருந்த துணியையும் அவிழ்த்தாள்.

"உங்களுக்குக் கொழுப்புதான்!"

ஜெபசீலியின் கணவர் அருள்ஜோசப்பின் வண்டி வந்து நின்றது. படியேறியவர் அப்படியே நின்றார்.

"என்னடி இது? கருமம், நாத்தம் குடலைப் புடுங்குது!"

மேகலா நழுவப் பார்த்தாள். ஜெபசீலி அழத் தொடங்கினாள்.

அவர் ஜாடியைத் தூக்கவில்லை. தரையில் உட்கார்ந்து அதன் வாயில் முகத்தைப் புதைத்தார்.

ஊதுபத்திக் கம்பெனியில் வாசனை பார்த்துச் சொல்வது அவர் வேலை. தம்பியைக் கொண்டுபோன காய்ச்சல் இவருக்கும் வந்ததிலிருந்து, மூன்று மாதமாக அவர் மூக்குக்கு மல்லியும் சந்தனமும் ஒன்றுதான். வேலை போய்விடும் என்று ஜெபசீலியைத் தவிர யாருக்கும் சொல்லாமல், உடனிருப்பவர்களின் முகத்தைப் பார்த்தே தலையாட்டி ஒப்பேற்றி வந்தார். நேற்றுவரை இந்த ஜாடியையும் பேசாமல்தான் தாண்டிப் போனார்.

"இன்னொரு தடவை திட்டுங்க," என்றாள் ஜெபசீலி.