வள்ளல் விட்டுப்போன குடை

மறைந்த வள்ளல் சிதம்பரநாதன் பெயரில் குடும்பத்தார் நடத்தும் அறக்கட்டளைக்கு, கருக்களாச்சேரி வைத்தியலிங்கம் உதவி கேட்டு வந்தார். பொருள் கைக்கு வராமல் ரசீதில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

“என்ன வேணும் பெரியவரே?” என்றாள் வள்ளலின் மருமகள் பிரதீபா.

“குடை.”

“புதுசா ரெண்டு வாங்கித் தரேங்க.”

“புதுசு ஒரு மழைக்குத் தாங்காது. அந்தக் கண்ணாடிப் பெட்டியில மாலை போட்டு வச்சிருக்கீங்களே, அதைக் குடுங்க.”

“அது மாமாவோட நினைவுச் சின்னங்க. ஊருக்கே நிழல் குடுத்த குடை.”

“கைப்பிடியைத் திருப்பிப் பாருங்க.”

திருப்பினாள். ‘ப. வைத்தியலிங்கம்’ என்று கத்தியால் கீறியிருந்தது.

“மழை விட்டதும் தரேன்னு வாங்கிட்டுப் போனாரு. பதினோரு வருஷமாச்சு.”

பிரதீபா குடையை அவரிடம் நீட்டினாள். “சரி, இந்த மாச உதவியில சேத்துடறேன். குடையோட நில்லுங்க, போட்டோ எடுக்கணும். கொஞ்சம் சிரிங்க.”

வைத்தியலிங்கம் குடையை விரித்துப் பார்த்தார்.

“ரெண்டு கம்பி ஒடைஞ்சிருக்கே. அதுக்குத் தனி மனுவா?”