விளக்கைச் சுற்றி வானவில்

கண்காட்சியில் அந்தப் பெரியவர் ஒரே கண்ணாடிச் சிற்பத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். ஒரு தெருவிளக்கு, அதைச் சுற்றி வானவில் நிறத்தில் வளையங்கள்.

"இந்த யோசனை எப்படிம்மா வந்தது?"

"யோசனை என்னங்க, தினமும் பாக்கிறதுதான்," என்றாள் அதைச் செய்தவள். "இருட்டினா எல்லா விளக்கையும் சுத்தி இப்படித்தானே தெரியும்?"

"அப்போ தலை வலிக்குமா?"

"வலிக்கும். பட்டறைச் சூடு அப்படி."

"கண்ணு?"

அவள் கணவன் குறுக்கிட்டான். "சார், வாங்குற எண்ணம் இருந்தா சொல்லுங்க. சும்மா துருவாதீங்க."

பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நான் கண் டாக்டர். கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறினா இப்படித் தெரியும். கவனிக்காம விட்டா பார்வையே போயிடும். இப்பவே என்கூட வாங்க."

அவருடைய மருத்துவமனையில் பரிசோதனை முடியும்வரை கணவன் உட்காரவே இல்லை.

"நல்லவேளை, நரம்பு கெடல," என்றார் டாக்டர். "லேசர் வச்சா சரியாயிடும். பயப்பட ஒண்ணுமில்ல."

கணவன் அப்போதுதான் உட்கார்ந்தான்.

"அந்த வளையம் உங்களுக்குத் தெரியவே தெரியாதா?" என்று அவள் அவனிடம் கேட்டாள். "எல்லாருக்கும் தெரியும்னுல்ல நெனச்சேன்."

"நீ செஞ்ச சிற்பத்துலதான் நான் பாத்தேன்," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.